திண்ணைப் பள்ளியும் அதனைத் தாங்கிய ஊரும்

அறங்கள் பலவற்றுள்ளும் கல்விக்கொடை தலைசிறந்தது என்பது சைவச் சான்றோர் துணிபு. அன்னம் ஒரு பொழுதைப் பசியைப் போக்கும். கல்வியோ உயிரைப் பற்றிய அறியாமையைப் போக்குதற்கு வாயிலாய் நிற்கும். இதுபற்றியே பண்டை வேந்தரும் வணிகரும் வேளாளரும் திருக்கோயில்களிலும் திருமடங்களிலும் கல்விக்கென நிலம் விட்டனர். தஞ்சை இராசராசேச்சரத்தில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்கு முதலாம் இராசராச சோழர் 48 பிடாரர்களை நியமித்து, ஒருவர்க்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் அளக்குமாறு கல்லில் வெட்டுவித்தார். அவர்தம் மைந்தர் முதலாம் இராசேந்திர சோழர் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊரில் 340 மாணாக்கரையும் 14 ஆசிரியரையும் உடைய பெருங்கல்லூரி ஒன்று நடைபெற்றது. அதற்கு விடப்பட்ட நிலம் 45 வேலி. கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் நெல் அளந்த அளவு முதலாயின எல்லாம் அக்கல்வெட்டிற் காணக்கிடக்கின்றன.

இக்கல்வெட்டுக்களைக் கண்டு மகிழ்வோர் ஒன்றனை மறத்தல் கூடாது. இவையெல்லாம் உயர்கல்விக்கும் ஓதுதலுக்கும் ஏற்பட்ட நிலையங்கள். இவற்றுட் புகுவதற்கு முன் ஒரு பிள்ளை முதலெழுத்தை எங்கே எழுதிற்று? எண்ணை எங்கே கற்றது? ஊரார் வீட்டுத் திண்ணையிலும், கோயில் மண்டபத்திலும், மரத்தடியிலும், மடத்துத் தாழ்வாரத்திலுமே கற்றது. அப்பள்ளிகளுக்குச் செப்பேடு இல்லை, கல்வெட்டும் அரிது. அங்கே எழுதப்பட்டவை பெரும்பாலும் மணலிலே எழுதப்பட்டமையின், அவை மணலோடு போயின. எனினும் கடந்த பல தலைமுறைகளில் தமிழ் கற்ற புலவர் யாவரும் அத்திண்ணையின் வழியே வந்தவராதலின், அதன் வரலாற்றை ஆராய்தல் இன்றியமையாதது.

திண்ணைப் பள்ளி அரசன் ஆணையால் எழுந்ததன்று. ஓர் ஊரார் தம் பிள்ளைகள் கற்கவேண்டுமென்று கருதினால், எண்ணும் எழுத்தும் வல்லார் ஒருவரைத் தேடி அழைத்து வருவர். குடியிருக்க வீடும், பள்ளி நடத்த இடமும் தருவர். உண்பதற்கு நெல்லும் பருப்பும் அளப்பர். ஆசிரியரைக் கணக்காயர் என்றும், உபாத்தியாயர் என்றும், தென்னாட்டில் அண்ணாவியார் என்றும் வழங்கினர். திரிசிரபுரத்தைச் சார்ந்த அதவத்தூர் வாசிகள் அங்ஙனம் விரும்பி அழைத்தமையாலேயே சிதம்பரம்பிள்ளை என்பார் அவ்வூரிற் சென்று பள்ளி நடத்தினார். பின்னர்ச் சோமரசம்பேட்டையார் அழைக்க ஆண்டுஞ் சென்றிருந்து கற்பித்தார். அவர்தம் மைந்தரே 1815ஆம் ஆண்டிற் பிறந்து, திருவாவடுதுறை ஆதீன மகாவித்துவானாய் விளங்கிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். பிள்ளையவர்களுக்கு நெடுங்கணக்கு முதலியவற்றைக் கற்பித்த முதலாசிரியர் அத்தந்தையாரே. சிற்றூரார் சிலர் ஓர் ஏழை ஆசிரியரைத் தாங்கினர். அவர் மனையில் ஒரு பெரும்புலவர் வளர்ந்தார். ஊர் அளித்தது சில கலம் நெல். தமிழ் பெற்ற பயனுக்கு அளவு கூறல் அரிது.

இனி, அப்பள்ளியில் நிகழ்ந்த முறையை நோக்குவோம். விடியற்காலத்தே பிள்ளைகள் வந்து கூடுவர். முதலில் வந்தவன் யார், பின்னர் வந்தவன் யார் என்று வரிசை குறிக்கப்படும். பல்லாரிச் சீமைப் பள்ளிகளைக் கண்டு 1823ஆம் ஆண்டில் எழுதிய கலெக்டர் காம்பெல் துரை, முதல்வன் உள்ளங்கையிற் கலைமகளின் திருநாமம் எழுதப்படும் என்றும், இரண்டாமவன் கையில் ஒரு சுன்னம் இடப்படும் என்றும், மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்றும், நான்காமவனுக்கு இரண்டும், பின்வருவார்க்கு ஒவ்வொன்று ஏற்றியும் கிடைக்கும் என்றும் குறித்துள்ளார். தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் வருகை வரிசையும் அடியும் தொடர்புடையனவாகவே இருந்தன.

புதிதாகச் சேர்ந்த பிள்ளை தரையிற் பரப்பிய மணலில் விரலால் எழுதும். வாயாற் சொல்லிக்கொண்டே எழுதுதல் முறை. கண்ணும் கையும் செவியும் நாவும் ஒருங்கே தொழிற்படுதலின் எழுத்து விரைவிற் பதிந்தது. மணலிற் கை தேர்ந்தபின் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். எழுதிய கீற்றுக்கள் தெளிவாய்த் தோன்றும்பொருட்டு ஊமத்தையிலைச் சாற்றையும் கரியையும் குழைத்து ஓலையிற் பூசுவர். இதனை மையாடல் என்பர். முன்னர்க் கற்ற மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளை எனப்படுவான். அவன் இளையாரைக் கூட்டி வைத்துப் பாடஞ் சொல்லிவைப்பான். ஒருவர் பலர்க்குக் கற்பித்தல் அவனால் இயன்றது. கற்பித்தலால் அவன் கல்வியும் உறுதிப்பட்டது. மாலையில் வீடு திரும்பும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரும், ஒரு பறவையின் பெயரும், ஓர் ஊரின் பெயரும் இவைபோல்வனவும் சொல்லியனுப்பி, மறுநாட் காலையிற் கேட்டலும் உண்டு. ஏட்டில் இல்லாத உலகியலறிவும், நினைவாற்றலும் இதனாற் பெருகின.

பாடநூல்கள் அரிச்சுவடியில் தொடங்கும். அதன்பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, வெற்றிவேற்கை, மூதுரை, நல்வழி முதலிய நீதிநூல்களும், சதகங்களும், அந்தாதிகளும், நிகண்டும் வரும். ஆசிரியர் வல்லவராயின் நன்னூலும் தொடங்கப்பெறும். பொருள் விளங்காத இளம்பருவத்திலேயே இவை நெட்டுருவாயின. இதனைக் காம்பெல் துரை குறையென்றே எழுதினார்; பிள்ளைகள் பொருளறியாது செய்யுட்களை ஒப்பிக்கின்றனர் என்பது அவர் கூற்று. அக்கூற்றில் உண்மையில்லை எனல் ஆகாது. பொருளறியாதே பள்ளியை விட்டுச் சென்றார் பலர். ஆயினும், நெஞ்சிற் பதிந்த செய்யுள் உரிய காலத்தில் நல்லாசிரியர் ஒருவரைக் கிட்டியவழிப் பொருளொடு விளங்குதலும் உண்டு.

எண்ணின் வகையிலே அப்பள்ளிகள் கைக்கொண்ட திறம் வியக்கத்தக்கது. முந்திரி என்பது 320இல் ஒரு கூறு. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. முந்திரியை மீட்டும் 320 கூறாக்கிய கீழ்முந்திரி 1,02,400இல் ஒரு கூறாகும். இச்சிற்றெண்களையெல்லாம் பெருக்கல் வாய்பாட்டோடு சிறுவர் வாய்ப்பாடமாகச் சொல்லுவர். முகத்தலளவையில் ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்னும் இவை எண்சுவடி வழியே கைவந்தன. களத்தில் நெல் அளப்போனும், கடையிற் பண்டம் நிறுப்போனும், நிலத்தைக் குழியும் மாவுமாக அளப்போனும் மனத்தாலே கணக்கிட்டுச் சொல்லும் ஆற்றல் இதனால் வந்தது. அந்நாட் கல்வி வாழ்க்கைக்கு உதவாதது என்பார் இதனை நோக்குவாராக.

ஆசிரியர்க்குக் கிடைத்த ஊதியம் யாது? மாதந்தோறும் சிறு தொகை கொடுப்பாரும் இருந்தனர். அறுவடைக் காலத்தில் நெல் கொடுப்பாரும் இருந்தனர். அமாவாசையும் பூரணையும் ஆகிய வாவு நாட்களையொட்டிப் பிள்ளைகள் கொண்டுவரும் அரிசிக்கு வாவரிசி என்று பெயர். நவராத்திரிக் காலத்தில் பிள்ளைகள் கோலாட்டக் கோல் தாங்கி வீடுதோறும் சென்று பாடுவர். வீட்டார் கொடுக்கும் காசும் ஆடையும் ஆசிரியர்க்காகும். காய்த்த காயும், கறந்த பாலும், வீட்டுமணத்திற் கொடுக்கும் வேட்டியும் அவர் வரும்படியே. இங்ஙனம் வந்தவற்றாற் செல்வராயினார் யாருமிலர். ஆனால் பள்ளி ஒருவர் கையை மட்டும் நம்பி நின்றதன்று. நாற்பது வீட்டுப் பானையில் ஒவ்வொரு பிடி குறைந்தது. அப்பிடிகள் கூடி ஒரு குடும்பத்தைத் தாங்கின. இதுவே திண்ணைப் பள்ளியின் உயிர்நிலை.

இம்முறையின் ஒரு பகுதி கடல் கடந்து சென்ற வரலாறும் அறியத்தக்கது. ஸ்காத்லாந்து தேயத்தவராகிய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787ஆம் ஆண்டிற் சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூரில் இருந்த படைவீரர் பிள்ளைகளின் அநாதை விடுதியைக் கண்காணித்து வந்தார். அங்கிருந்த ஆசிரியர்களால் இளம்பிள்ளைகட்கு எழுத்தறிவித்தல் செவ்வனே நிகழவில்லை. ஒருநாள் அவர் இந்நாட்டுப் பள்ளி ஒன்றனைக் கடந்து சென்றபோது, பிள்ளைகள் தரையில் மணலிலே எழுதக் கண்டார். உடனே தம் விடுதியிலும் மணல் பரப்பி எழுதுவிக்க முற்பட்டார். ஆசிரியர் அதனை ஏற்க மனங்கொள்ளாமையின், பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே சிறியாரைக் கற்பிப்பித்தார். மாணாக்கனே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் அம்முறையைப் பற்றி 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூலொன்று வெளியிட்டார். அது சென்னைமுறை என்னும் பெயரால் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகள் பலவற்றிற் பரவியது. மணலெழுத்தை அவர் இந்நாட்டுப் பள்ளியிற் கண்டமையை அவரே எழுதியிருக்கின்றார். பெல் பாதிரியார் இறந்தபின் இங்கிலாந்து அவரை வெஸ்ட்மினிஸ்டர் பெருங்கோயிலில் அடக்கஞ் செய்து சிறப்பித்தது. அவர் கண்ட திண்ணையில் அன்று கற்பித்திருந்த ஆசிரியர் பெயர் யாண்டும் குறிக்கப்படவில்லை.

திண்ணைப் பள்ளிகளின் தொகையை அறிதற்கு ஒரு நற்சான்று உளது. சென்னைக் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் ஜில்லாக் கலெக்டர்களுக்கு ஆணையிட்டு, ஊர்ப் பள்ளிகளின் கணக்கை எடுப்பித்தார். வந்த கணக்குக்களைத் தொகுத்து 1826ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பில், சென்னை இராசதானி முழுவதும் கல்லூரிகள் உட்பட 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர் என்று காண்கின்றது. அப்பொழுது குடிகள் தொகை 1,28,50,941. தஞ்சாவூர்ச் சீமையில் மட்டும் 884 பள்ளிகளும் 109 கல்லூரிகளும் இருந்தன. ஐந்துக்கும் பத்துக்கும் இடைப்பட்ட வயதுச் சிறுவருள் நான்கில் ஒரு பங்கினர்க்குச் சிறிது மிகையாகவே பள்ளியிற் கற்றனர் என்றும், வீட்டிற் கற்பாரையும் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கினர் ஆவர் என்றும் மன்றோ மதிப்பிட்டார். அவர் கணக்கில் பிழைகள் இருத்தல் கூடும். ஆயினும் ஆங்கில அரசினர் பள்ளி வைப்பதற்கு முன் இந்நாடு எழுத்தறியாதிருந்தது என்னும் கூற்றை அக்கணக்கு மறுத்து நிற்கின்றது.

அக்குறிப்பிலேயே துன்பந்தரும் செய்தியும் உண்டு. ஆசிரியர் பெரும்பாலார்க்கு மாத வருவாய் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் இல்லை. தகுதியுடையார் அத்தொழிலுக்கு வர விரும்புவதற்கு அது போதாது என்று மன்றோ எழுதினார். குடிகளின் வறுமையையும் அவர் காரணமாக எடுத்தோதினார். காம்பெல் துரை இதனினும் வெளிப்படையாய்க் கூறினார். பல்லாரியில் 533 பள்ளிகளைக் கணக்கெடுத்த அவர், முன்னர்ப் பள்ளிகள் இருந்த ஊர்கள் பலவற்றில் அப்போது பள்ளி இல்லை என்றும், நாடு வறுமையுற்றதே அதற்குக் காரணம் என்றும், ஐரோப்பியத் துணிகள் வந்து இந்நாட்டு நெசவுத்தொழிலாளரின் பிழைப்பைக் குறைத்தன என்றும், முன்னை அரசர்கள் கல்விக்கு அளித்துவந்த உதவிகள் நின்றுபோயின என்றும் எழுதியனுப்பினார். தம் அரசினர்க்கே எழுதிய அறிக்கையில் இங்ஙனம் எழுதியது அவர் நடுவுநிலைமையைக் காட்டும்.

ஆகவே திண்ணைப் பள்ளி சுருங்கியதற்கு முதற்காரணம் அதன் கற்பிக்கும் முறையன்று. தறி நின்ற வீட்டில் வாவரிசி நின்றது. வரி மிகுந்த களத்தில் ஆசிரியர் நெல் குறைந்தது. ஊர் வற்றியமையால் பள்ளி வற்றியது என்பதே உண்மை. 1854ஆம் ஆண்டிற் கல்விபற்றிய பேரறிக்கை இங்கிலாந்திலிருந்து வந்தபின், அரசினர் பொருளுதவி விதிகளோடு கொடுக்கப்பட்டது. அச்சுப்புத்தகமும், வகுப்புப் பிரிவும், தேர்வும், மேற்பார்வையாளரும் வந்தன. அவற்றால் நன்மையும் விளைந்தது. ஆனால் ஆசிரியர் ஊரை நோக்கியிருந்த நிலை மாறி, அலுவலகத்தை நோக்கியிருக்கும் நிலை வந்தது. ஊரும் பள்ளியைத் தன்னுடையதென எண்ணுதலை மெல்ல மெல்ல விட்டது.

திண்ணைப் பள்ளியின் குறைகளை மறைத்துப் புகழ்தல் உண்மை வரலாறாகாது. தண்டனை கொடியதாயிருந்தது. பிரம்படியும் குட்டும் அன்றி, உத்திரத்தில் கயிறு கட்டிப் பிள்ளையைத் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் இருந்தது. அதனை அஞ்சிக் கல்வியையே வெறுத்தார் பலர். மன்றோவின் கணக்கில் 1,88,650 பேருள் பெண்மக்கள் 4,540 பேரே. ஔவையார் பெயரால் வழங்கும் நூல்களைக் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடந்தொடங்கிய நாட்டில், பெண்மகவுக்குத் திண்ணையில் இடமில்லாதிருந்தது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பல சாதிச் சிறுவர் அத்திண்ணையில் ஒருங்கிருந்து கற்றனர் என்பது மெய்யே. ஆயினும் சேரிப்பிள்ளைகளுக்குப் பெரும்பாலான ஊர்களில் அது எட்டாத திண்ணையாகவே இருந்தது. சைவர்கள் இதனை நாணத்தோடு நினைத்தல் வேண்டும். ஆதனூரில் தோன்றித் தில்லையிற் பேறுபெற்ற திருநாளைப்போவாரை அறுபத்துமூவருள் ஒருவராக வைத்து நாடோறும் வணங்குவார், அவர் பிறந்த குலத்துப் பிள்ளை ஒன்று ஆத்திசூடி கேட்க வந்தபோது தெருமுனையில் நிறுத்தினர். நாயனாரைத் தடுத்த மதில் தில்லையில் மட்டும் இருந்ததன்று. ஊர்தோறும் பள்ளித் திண்ணையின் விளிம்பிலும் இருந்தது. ஊர் தாங்கியது பள்ளியின் பெருமை. ஊர் முழுவதையும் அது தாங்காமை அதன் சிறுமை.

பழைய முறையின் வலிவையும் புதிய முறையின் ஒழுங்கையும் ஒருங்கு கண்டு சேர்க்க முயன்றவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். இவர் 1822ஆம் ஆண்டிற் பிறந்தவர். வெஸ்லியன் பாதிரிமார் நடத்திய பள்ளியிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தமையின், வகுப்புப் பிரித்துக் கற்பிக்கும் முறையை நேரிற் கண்டார். சைவப் பிள்ளைகள் கல்வி பெறுதற்குத் தம் சமயத்தைக் கைவிடவேண்டிய நிலையையும் கண்டு வருந்தினார். தாம் பெற்றுவந்த சம்பளத்தை விட்டு நீங்கி, 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாடநூல் இல்லாக் குறையை அறிந்து அச்சுக்கூடம் அமைத்தார். பிள்ளைகளின் அறிவு படிப்படியாய் ஏறும்வண்ணம் பாலபாடங்களை உரைநடையில் எழுதினார். பொருளறியாது உருப்போடுதல் என்னும் பழைய குறைக்கு இது மருந்தாயிற்று. 1864ஆம் ஆண்டிற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலையை நிறுவினார். இவற்றிற்கு வேண்டிய பொருளை அன்பர்களிடமே இரந்து பெற்றார். சாதிவேற்றுமை என்னும் மதிலை நாவலரும் இடித்தாரல்லர் என்பதை வரலாறு மறைத்தற்கில்லை. அப்பணி பின்வந்தார்க்கு எஞ்சி நின்றது.

திண்ணையிலிருந்து சென்ற கல்வி எத்துணைத் தூரம் சென்றது என்பதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டுப் போதும். உத்தமதானபுரத்துத் திண்ணைப் பள்ளியில் எழுத்துக் கற்ற சிறுவர் ஒருவர், 1871ஆம் ஆண்டில் மாயூரத்தை அடைந்து மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கரானார். திருவாவடுதுறை மடத்தின் ஆதரவிற் கற்றார். 1880இற் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். 1887இற் சீவகசிந்தாமணியை அச்சிட்டார். அவரே மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். ஊரார் அழைக்க அதவத்தூர் சென்ற திண்ணையாசிரியர், அவர் மைந்தராகிய மகாவித்துவான், அம்மகாவித்துவானின் மாணாக்கராகிய ஐயர் என்னும் இம்மூவரையும் தொடர்பாக நோக்குவார்க்கு, திண்ணையும் மடமும் கல்லூரியும் ஒரே நீர் பாய்ந்த மூன்று வயல்கள் என்பது புலனாம்.

திண்ணைப் பள்ளி இன்று இல்லை. அரசினர் பள்ளி ஊர்தோறும் உளது. 1956ஆம் ஆண்டில் காமராசர் தொடங்கிய மதிய உணவு ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. வாவரிசி பிள்ளையிடமிருந்து ஆசிரியர்க்குச் சென்றது ஒரு காலம். அரிசி பள்ளியிலிருந்து பிள்ளைக்குச் செல்வது மற்றொரு காலம். இம்மாற்றம் சாலச் சிறந்தது. ஆயினும் பெருநோயினாற் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகள் கற்றதை மறந்தனர். அக்குறையை நீக்குதற்குத் தமிழ்நாட்டு அரசினர் 2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தைத் தொடங்கினர். மாலைப் பொழுதில் அவ்வூரவரே ஆகிய தன்னார்வலர் தம் வீட்டருகே பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். அவர்களுட் பெண்கள் மிகப் பலர். பெண்மகவுக்கு இடமில்லாதிருந்த திண்ணையில் பெண்ணே ஆசிரியராய் அமர்ந்தது காலத்தின் நன்மாற்றம் எனல் தகும்.

கட்டடமும் ஊதியமும் அரசினர் அளிக்கலாம். மாலையில் ஒரு பிள்ளை கற்றதை மீளச் சொல்லக் கேட்கும் செவியை ஊரே அளித்தல் வேண்டும். சிற்றூர்களில் மாலைக் கல்விநிலையம் அமைக்க முற்படும் சைவ அன்பர்களுக்கும் சபைகளுக்கும் திண்ணைப் பள்ளியின் வரலாறு இரண்டு செய்திகளைச் சொல்லுகின்றது. ஒன்று, பெருஞ்செல்வர் ஒருவரின் கொடையை மட்டும் நம்பாது, வீட்டுக்கு ஒரு பிடியாயினும் ஊரார் அனைவரும் தாங்குக என்பது. மற்றொன்று, தாங்குகின்ற அவ்வூரில் எந்த வீட்டுப் பிள்ளையும் திண்ணைக்குப் புறத்தே நிற்கவிடாதொழிக என்பது. முன்னையதை முன்னோர் செய்து காட்டினர். பின்னையதை அவர்கள் செய்யாது விட்டனர். அது செய்தாலன்றித் திருநாளைப்போவார் திருநாமத்தைச் சொல்லி வணங்குதல் நிறைவுடையதாகாது.